மேல் லயத்துக் குளிர்

அத்தியாயம் 14

விடிவதற்கு முன்பே திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் புழுக்கம் தொடங்கிவிட்டது. அபிஜித் குளித்துவிட்டு வந்து நின்ற கொஞ்ச நேரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இந்தச் சூட்டை மனசில் வைத்துத்தான் அவன் அந்தப் பெட்டியைச் செய்தான்.

தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு சின்ன நீலப் பெட்டி. பஸ் போகாத இடங்களுக்குத் தடுப்பூசி மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுபோவதற்கு. அவன் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் வருஷக்கணக்காக அதற்கு உழைத்தான். பழைய பெட்டியின் எடையில் பாதிதான் இருக்கும். பழைய பெட்டிக்கு ஐஸ் பேக்குகளை முதலில் வெளியே வைத்து வியர்க்கவிட வேண்டும். இதற்கு அந்தக் காத்திருப்பும் வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு, ஐஸின் கடுமையை மருந்துக்குப் போகவிடாது.

அப்படித்தான் அவன் நம்பினான். திருவனந்தபுரத்து வெயிலில் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பெட்டி வேலை செய்தது.

ஆனால் பொன்முடி மலையில், தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குப் போகும் வழியில், காலையில் மூடுபனி இறங்கும். வெளியிலும் குளிர், உள்ளேயும் ஐஸ் என்று ஆனபோது அந்தத் தடுப்பு போதவில்லை. பெட்டியின் ஓரத்தில் இருந்த குப்பிகள் உறைந்தன. தெர்மாமீட்டர் நடுவில் இருந்ததால் அது ஒன்றும் காட்டவில்லை. பனி விலகி வெயில் ஏறி, லயத்தில் திறக்கிற நேரத்தில் உறைந்தது உருகியும் விடும். உறைந்து உருகிய அந்த மருந்தைப் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

இரண்டு வருஷமாக லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியிலிருந்துதான் ஊசி. எந்தப் பிள்ளைக்கு நல்ல மருந்து போனது, எந்தப் பிள்ளைக்குக் கெட்டது போனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஊசி போட்டவள் பிஜி. அங்கே நர்ஸ். அபிஜித்தின் மனைவி ஆதிராவுக்குக் கூடப்பிறந்த அக்கா.

சென்ற வாரம் ஜெஸ்லின் என்கிற இரண்டு வயதுக் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்து, மலையிலிருந்து நகரத்துக்குத் தூக்கி வந்தார்கள். எல்லா ஊசியும் போட்ட குழந்தை. அதைக் கேட்ட அன்றே அபிஜித் தன் பெட்டியைக் குளிரூட்டிய அறையில் வைத்துப் பார்த்தான். மறுநாள் திறந்தபோது ஓரத்துக் குப்பியில் பனிக்கட்டி இருந்தது.

அதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரெண்டு இட்லியாவது சாப்ட்டுட்டுப் போயேண்டா" என்றாள் அம்மா லலிதாம்பாள்.

"வேண்டாம்மா."

"ஆதிரா போன் பண்ணினாளோ?"

"பண்ணினா. கொழந்தை அப்படியேதான் இருக்காம்."

லலிதாம்பாள் டிபன் காரியரின் கொக்கியை மாட்டினாள். ஆதிரா பாறசாலையில் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பெண் என்பதற்காக, மூன்று வருஷம் முன்பு மகன் கல்யாணத்துக்கே வராதவள் அவள். இப்போது ஐந்தாறு நாளாக, ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்கும் ஜெஸ்லினின் அம்மாவுக்கும் சேர்த்து ஆதிராவிடம் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள்.

"அபீ, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கப்படாது. நீ எதுக்காக்கும் அங்க போறே? மறுபடி ஊசி போடறது பிஜியோட வேலை. நீ போய் நின்னா எல்லாரும் உன் மூஞ்சியைத்தான் பார்ப்பா. நாளைக்கு ஒரு கேஸுன்னு வந்தா?"

"வரட்டும்."

"வரட்டும்னு சொல்றது எளுப்பம்." அவள் குரல் தழைந்தது. "அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, கேட்டியோ. பத்மநாபசுவாமிகிட்ட நான் சொல்லியாச்சு."

அவன் கார் சாவியை எடுத்தான். தெருமுனை திரும்பும்போது ஆதிராவின் போன் வந்தது.

"கிளம்பிட்டியா?"

"ம்."

"அபி, அக்கா சொல்றத மட்டும் செய். பெட்டியத் தூக்கு, பிள்ளைங்களப் பிடி. வாயத் தொறக்காதே. ப்ளீஸ்."

"சரி."

"சரின்னு சொன்னா சரியா இருக்கணும், கேட்டியா?"

அவன் மறுபடியும் சரி என்றான். சொன்ன நேரத்தில் அது உண்மையாகவே இருந்தது.

●

மலையடிவாரச் சுகாதார மையத்து வாசலில் பிஜி நின்றுகொண்டிருந்தாள். காலடியில் பழைய கனத்த பெட்டி. நீலப் பெட்டி இல்லை.

"நான் தூக்கறேன்க்கா" என்று அபிஜித் காரிலிருந்து இறங்கினான்.

"வேண்டாம். எனக்குப் பழக்கந்தான்."

பெட்டியைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு ஒரு கணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடுப்பை நினைத்துத்தான் அவன் உள்தடுப்பை மெல்லிசாக்கினான். முதல் மாதிரியில் தடுப்பு கனமாகத்தான் இருந்தது. பிஜி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பழசே கொள்ளாம் தம்பி, அதுவே தேவல" என்று சிரித்தாள். அவன் கனத்தைக் குறைத்தான். குறைத்த பிறகு சூட்டில் சோதித்தான், வெயிலில் சோதித்தான், காரின் டிக்கியில் பூட்டி வைத்துச் சோதித்தான்.

கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. பிஜி ஜன்னலை ஏற்றிவிட்டாள்.

"தம்பி, ஒரு காரியம். அங்க நீங்க ஒண்ணும் பறைய வேண்டாம். இந்த வருஷம் எல்லாப் பிள்ளைக்கும் கூடுதலா ஊசி உண்டுன்னு சொல்லுவேன். நம்ம சென்டர் டாக்டர் லிஜோவும் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

"பொய்தானேக்கா அது."

"பொய்தான். ஆனா உள்ள போற மருந்து நல்ல மருந்துல்லா?"

"எப்பவாவது சொல்லித்தானே ஆகணும்?"

"சொல்லலாம். இன்னைக்கு மொதல் தவணை முடியட்டு. பின்னே ரெண்டு தவணை கிடக்கு. எல்லாம் முடிஞ்ச பிறகு நானே சொல்லுதேன். என் கையாலதானே போட்டது? அடிச்சா என்னைய அடிக்கட்டு."

அவன் கியரை மாற்றினான்.

"ஜெஸ்லினுக்குத் தொண்டை வீங்கிச்சுன்னு அவ அம்மா மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணுனா" என்றாள் பிஜி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அந்த நோயா இருக்காது புஷ்பம், உன் பிள்ளைக்கு ஊசி எல்லாம் போட்டாச்சு, கஞ்சிவெள்ளம் குடுன்னு சொன்னேன். ரெண்டு நாள் வச்சிட்டு இருந்தா. நான் சொன்னதுனால."

வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. அபிஜித் மேலே வந்தது இதுவே முதல் தடவை. பெட்டியை இரண்டு வருஷம் இங்கே அனுப்பினான். அவன் வந்ததில்லை. கண்ணாடியில் மூடுபனி படிந்தது. வைப்பரைப் போட்டான். காரை நிறுத்தி இறங்கியபோது கை விரல்கள் விறைத்தன.

இந்த மண்ணில் கால் வைத்த அந்த நிமிடமே அவனுக்குப் புரிந்துவிட்டது. குளிரூட்டிய அறையே வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு நாள் காலையில் இங்கே வந்து நின்றிருந்தால் போதும்.

●

நகரத்து ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, புஷ்பம் ஆதிராவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

புஷ்பத்துக்கு மலையாளம் அரைகுறையாகத்தான் புரியும், பேச வராது. டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று பிஜிதான் தங்கையை அனுப்பினாள். ஆதிரா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். லீவு போட்டுவிட்டு வந்தாள். முதல் நாள் உதவிக்கு வந்தவள், இரண்டாம் நாளிலிருந்து வீட்டுக்குக் குளிக்க மட்டும்தான் போய்வருகிறாள்.

புஷ்பத்துக்கு அவள் பிஜி சிஸ்டரின் தங்கச்சி. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்காரு என்று ஒருநாள் கேட்டாள். எஞ்சினியர் என்று ஆதிரா சொன்னாள். எதற்கு எஞ்சினியர் என்று புஷ்பம் கேட்கவில்லை.

நோயின் விஷத்தை முறிக்கும் மருந்து கிடைத்துவிட்டது. கொடுத்தும் ஆயிற்று. ஆனால் அதற்குள் விஷம் இதயத்தைத் தொட்டிருந்தது. இதை ஆதிரா தமிழில் சொல்லும்போது, "கொஞ்சம் பலவீனமா இருக்கு" என்று மாற்றிச் சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. இளம் டாக்டர். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சாரி. ஹார்ட் நின்னு போயி. ஞங்ஙள் குறே நோக்கி." எவ்வளவோ முயன்று பார்த்தார்களாம்.

புஷ்பம் விழித்துக்கொண்டாள். டாக்டரைப் பார்த்தாள். ஆதிராவைப் பார்த்தாள்.

"அக்கா, என்ன சொல்லுதாவ?"

இத்தனை நாளும் ஆதிரா எவ்வளவோ தமிழில் சொல்லிவிட்டாள். ரத்தம், நாடி, மூச்சுக்குழாய் எல்லாவற்றுக்கும் வார்த்தை கிடைத்தது. இப்போது கிடைக்கவில்லை.

"என்னக்கா?"

"பாப்பா போயிட்டா, புஷ்பம்."

புஷ்பம் அழவில்லை. கணவன் ஜெபசிங் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றான். அவனைக் கூப்பிட யாரோ ஓடினார்கள். புஷ்பம் ஆதிராவின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கணக்கு புரியாத பிள்ளை மாதிரி கேட்டாள்:

"ஊசி எல்லாம் போட்டிருக்கே அக்கா? ஒண்ணும் விடலியே? மழையில கூடத் தூக்கிட்டுப் போய்ப் போட்டேனே?"

ஆதிரா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். தன் முகத்தை அவள் பார்க்க முடியாதபடி.

●

மேல் லயத்தில், அங்கன்வாடிக் கூடத்துக்குள் ஊசி போடும் வேலை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். கம்பளி சுற்றிய குழந்தைகள். பிஜி ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தே ஊசியில் ஏற்றினாள். அபிஜித் பெட்டியைத் திறந்து மூடினான். பிள்ளைகளின் கால்களைப் பிடித்துக்கொண்டான். யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை. சார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி அவனுக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தாள்.

ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று. வெளியே இன்னும் அதைப்போல் பல மடங்கு பேர் நின்றார்கள்.

லயத்தில் போனுக்கு டவர் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். ஜெபசிங்கின் அண்ணன் யோசுவா காலையிலிருந்து அங்கேதான் நின்றான். அவன் இறங்கி வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மெதுவாக வந்தான். வந்து படியில் உட்கார்ந்துகொண்டான்.

"பிள்ளை போயிட்டு" என்றான்.

பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கூடமே ஒரு குரலாக ஆனது. பிஜியின் கையில் ஊசி இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் நடந்ததை அபிஜித் எதிர்பார்க்கவில்லை. வரிசை கலையவில்லை. நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் வந்தது.

"சிஸ்டர், எம்புள்ளைக்குப் போடுங்க."

"சிஸ்டர், இவனுக்கு நேத்திலேருந்து தொண்டை வலின்னு சொல்லுதான். மொதல்ல இவனுக்கு."

பிஜி கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள்.

படியில் இருந்த யோசுவா தலையைத் தூக்கினான்.

"சிஸ்டர். ஜெஸ்லினுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா யோசுவா."

"பின்ன எப்படி வந்துது?"

எல்லோரும் பிஜியைப் பார்த்தார்கள். அவள் ஒரு மூச்சு விட்டாள்.

"சில பிள்ளைங்களுக்கு மருந்து பிடிக்காம போறதுண்டு. ஆயிரத்துல ஒண்ணு அப்படி வரும். அதுக்குத்தான் இப்போ கூடுதலா ஒண்ணு போடுதோம்."

யோசுவா தலையாட்டினான். அந்த மனுஷன் நம்பிவிட்டான். "எங்களுக்குன்னு பாத்து அந்த ஒண்ணு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டான்.

அபிஜித் ஒரு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கால் அவன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

"இல்லை" என்றான்.

பிஜி திரும்பினாள். "தம்பி."

"அவங்க சொல்றது சரியில்லை. பிள்ளைக்குப் பிடிக்காம போகலை. மருந்துதான் கெட்டுப்போயிருந்தது."

"தம்பி, நிறுத்துங்க."

"இந்தக் குளிர்ல அது உறைஞ்சு போச்சு. நான் செஞ்ச பெட்டி. நீலப் பெட்டி. சிஸ்டர் பேர்ல ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னபடிதான் அவங்க கொண்டுவந்தாங்க. ரெண்டு வருஷமா இங்க போட்ட ஊசி எதுவும்... எது வேலை செஞ்சது, எது செய்யலைன்னு எங்களுக்கே தெரியாது. அதனாலதான் இப்போ மறுபடி போடறோம். இது நல்ல மருந்து. இதைத் தயவுசெஞ்சு எல்லாரும் போட்டுக்கணும்."

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை.

ஒருத்தி தன் பிள்ளையை வரிசையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். தொண்டை வலி என்று சொன்ன பையனின் அம்மாவும் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"அடியே, அவனுக்குப் போடணும்! அவனுக்குக் கண்டிப்பா போடணும்!" என்று பிஜி கத்தினாள்.

"எதைச் சிஸ்டர்?" அவள் வாசலில் நின்று திரும்பினாள். "தண்ணியையா?"

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்ட ஒரு குழந்தையின் அம்மா, முந்தானையை நனைத்து, பிள்ளையின் தொடையில் ஊசி குத்திய இடத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிஜி வாசலுக்கு ஓடினாள். வீடு வீடாகப் போனாள். இது பழைய பெட்டி, பழைய முறை, ஐஸ் பேக்கை வியர்க்கவிட்டு வைத்தது, நானே காலையில் நின்று வைத்தது என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னாள். சில கதவுகள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மூடின. சில இடத்தில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளையை மட்டும் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அபிஜித் கூடத்தில் தனியாக நின்றான். பெட்டி திறந்திருந்தது. அவள் மூடியைச் சாத்தினாள்.

"சந்தோஷமா?"

"அக்கா, அந்த மனுஷன் தங்களுக்குன்னு பாத்து வந்ததுன்னு அழறார். நான் எப்படிப் பாத்துண்டு நிக்கறது?"

"ரெண்டு மணிக்கூர் நிக்கக்கூடாதா?" அவள் குரல் உயரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'நீங்க' போய் 'நீ' வந்தது. "நீ யாருக்காகச் சொன்ன? அவங்களுக்கா? உனக்கு உள்ள கெடந்து எரிஞ்சிட்டு. அத இறக்கி வைக்கணும். அதுக்கு இந்த இடம் கிடைச்சுது, இந்தப் பிள்ளைங்க கிடைச்சுது."

"உண்மையைத்தானே..."

"உண்மையைச் சொல்ல எனக்குத் தெரியாதா? அந்தப் பையனுக்குத் தொண்டை வலின்னா, கேட்டியா? தொண்டை வலி. அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். வேண்டாம், உங்க சங்காத்தமே வேண்டாம்னு சொல்லிட்டா. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆனா, அதையும் பெட்டி கணக்குல எழுதுவியா, வேற எதுல எழுதுவ?"

அவன் பெட்டியைச் செய்தபோது பிஜியின் இடுப்பு நல்லாயிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். இன்று பேசியபோது யோசுவாவின் கண்ணீர் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தான். இரண்டு தடவையும் அவன் எண்ணத்தில் ஒரு கெடுதலும் இல்லை.

யோசுவா உள்ளே வந்தான். அவன் கையை ஓங்குவான் என்று அபிஜித் நினைத்தான். ஓங்கினால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

"சார், நீங்க கீழ போயிருங்க" என்றான் யோசுவா, மரியாதையாகவே. "பிள்ளையக் கொண்டு வருவாங்க. என் தம்பி வாறப்ப நீங்க இங்க நிக்க வேண்டாம்."

"பிஜியக்கா?"

"நான் வரல" என்றாள் பிஜி. "அந்தப் பையன ஆஸ்பத்திரிக்குத் தூக்காம நான் இறங்கமாட்டேன். நீ மருந்தைக் கொண்டுபோய் டாக்டர் லிஜோகிட்ட குடு. வெயில்ல வைக்காதே."

கனத்த பெட்டியை அவனே தூக்கினான். உள்ளே மருந்து கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

●

கீழே, கல்லாறுக்கு மேல் இருக்கும் வனத்துறைச் செக்போஸ்டில் சங்கிலி போட்டிருந்தது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அபிஜித் காரை ஓரமாக நிறுத்தினான். இறங்கி ஆம்புலன்ஸ் பக்கம் நடந்தான்.

பின்கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பக்கம் ஜெபசிங், சுவரில் தலை முட்டி, கண்ணை மூடியபடி. எதிரே வெள்ளைத் துணி சுற்றிய சின்ன உருவத்தை மடியில் வைத்துக்கொண்டு புஷ்பம். அவளை ஒட்டி ஆதிரா.

ஆதிரா அவனைக் கண்டதும் இறங்கி வந்தாள். தலை கலைந்து, சேலை கசங்கி, ஒரு நாளில் பத்து வயது கூடினவள் மாதிரி இருந்தாள்.

"எல்லாருக்கும் போட்டாச்சா?"

அவன் இல்லை என்று தலையை அசைத்தான்.

"ஏன்?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"எல்லாம்."

அவள் அவனையே பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. என்னவோ ஒன்று அணைந்தது.

"அப்போ மேலே எல்லாருக்கும் தெரியும்."

"ம்."

"இவளுக்குத் தெரியாது அபி."

வண்டிக்குள்ளிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது. அழுது அடைத்த குரல். "அக்கா, யாரு?"

"என் வீட்டுக்காரரு."

புஷ்பம் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். மடியில் இருந்த பிள்ளையின் தலை ஆடாதபடி கையை அணைவாக வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சார், அக்கா இல்லேன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்னே தெரியல. ஒங்க வீட்டுலேருந்துதான் எனக்குச் சோறு வந்துது. ஒங்க அம்மாட்ட சொல்லுங்க. கர்த்தர் ஒங்க குடும்பத்த நல்லா வைப்பாரு."

ஒரு லயத்துக்கே முன்னால் நின்று பேசினவன் அவன். இப்போது வாயைத் திறந்து, மூடினான். தலையைக் குனிந்துகொண்டான். துக்கத்தில் குனிகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

செக்போஸ்ட்காரன் சங்கிலியை இறக்கினான்.

"நீ என்கூட வந்துடு" என்றான் அபிஜித் மெதுவாக, அவள் கையைப் பிடித்து. "மேலே போகாதே. அவங்க உன்னைச் சும்மா விடமாட்டா."

"நான் போகணும்."

"ஆதிரா..."

"வண்டி நின்ன உடனே யாராவது ஓடி வந்து சொல்லுவாங்க. பிள்ளைய மடியில வச்சிட்டு அவ அத ஊர்க்காரங்க வாயால கேக்கணுமா? அதுக்குள்ள நான் சொல்லியாகணும்." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "நீ வராதே. வரவே வராதே."

அவள் ஏறினாள். கதவு மூடியது.

அபிஜித் செக்போஸ்டை ஒட்டியே நின்றான். முதல் வளைவு பக்கத்தில்தான். இரண்டாவது வளைவு மரங்களுக்கு மேலே ஒரு துண்டு தெரியும். ஆம்புலன்ஸ் முதல் வளைவில் மறைந்து, இரண்டாவதில் மறுபடியும் தெரிந்தது.

அங்கே அது நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் குரல் வராது. பின்கதவு திறந்தது. ஆதிரா இறங்கினாள். இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டே எதையோ சொன்னாள், அல்லது கெஞ்சினாள். உள்ளேயிருந்து கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. ஆம்புலன்ஸ் நகர்ந்து மரங்களுக்குள் போய்விட்டது.

அவள் மட்டும் ரோட்டின் நடுவில் நின்றாள்.

அபிஜித் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். திரும்புவாள், இறங்கி வருவாள், அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். ஒரு தடவை அவள் கீழே பார்த்தது போலவும் இருந்தது.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் போன வழியிலேயே மேலே நடக்கத் தொடங்கினாள்.